திறமூல உரிமத்தை மீறினால் சட்டம் என்ன செய்யும்? புதியவர்களுக்கான வழிகாட்டி

2010ஆம் ஆண்டில் நியூயார்க்கில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றம், வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் என்ற தொலைக்காட்சிப் பெட்டி நிறுவனத்துக்கு எதிராக ஒரு தீர்ப்பு வழங்கியது. 90,000 டாலர் இழப்பீடு, ஏறத்தாழ 47,000 டாலர் வழக்குச் செலவு, இனிமேல் விற்கக் கூடாது என்ற தடை ஆகியவற்றோடு, நிறுவனத்தின் கையிருப்பில் இருந்த அந்தத் தொலைக்காட்சிப் பெட்டிகளையே வழக்குத் தொடுத்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தனைக்கும் காரணம் பெட்டிக்குள் பதிந்திருந்த பிஸிபாக்ஸ் என்ற சிறிய மென்பொருள். அதை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், விற்கும் பொருளுக்குள்ளும் வைக்கலாம்; அப்படி வைத்து விற்பவர், வாங்கியவருக்கு அதன் மூலநிரலும் (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய நிரல் வடிவம்) கிடைக்கச் செய்ய வேண்டும் என்பதே அதன் உரிமம் கேட்கும் முதன்மையான கைம்மாறு. நிறுவனம் அதைச் செய்யவில்லை. போதாக்குறைக்கு, வழக்கின் நடுவில் எதிர்வாதம் செய்வதையும் நிறுத்திவிட்டது.

மென்பொருள் துறைக்கு இப்போதுதான் வந்திருப்பவர்களையும், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சிறு நிறுவனம் தொடங்கியிருப்பவர்களையும் மனத்தில் கொண்டு இதை எழுதுகிறேன். திறமூல உரிமத்தில் உள்ள நிபந்தனைகளைப் பலரும் நன்றி அறிவிப்பைப் போலப் பார்க்கிறார்கள். செய்தால் நல்லது, செய்யாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பு தவறு என்பதை ஜெர்மனி, அமெரிக்கா, பிரான்ஸ் ஆகிய நாடுகளின் நீதிமன்றங்கள் 20 ஆண்டுகளாகத் தெளிவாகச் சொல்லிவருகின்றன. அதே வேளையில், மீறல் நேர்ந்துவிட்டால் அதைச் சரிசெய்து திரும்பிவரும் வழியும் உரிமங்களுக்குள்ளேயே இருக்கிறது. அந்த வழி தெரியாமல், முதலில் வரும் கடிதத்தைக் கிடப்பில் போடுவதால்தான் சிறிய தவறு பெரிய வழக்காக வளர்கிறது. இங்கே சொல்லப்படுபவை பொதுவான விளக்கங்கள். உங்கள் கையில் ஒரு நோட்டீஸ் இருக்குமானால், இதைப் படித்துவிட்டு வழக்கறிஞரையும் பார்க்க வேண்டும்.

முதல் படி: உரிமம் எதன்மேல் நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒருவர் எழுதிய நிரல், எழுதி முடித்த அந்தக் கணத்திலேயே பதிப்புரிமைக்கு உட்பட்டுவிடுகிறது. இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைத்திருக்கிறது. பாதுகாப்பு கிடைக்கப் பதிவு செய்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆகவே பிறர் எழுதிய நிரலைப் படியெடுக்கவோ, மாற்றவோ, விநியோகிக்கவோ உங்களுக்கு இயல்பாக எந்த உரிமையும் கிடையாது. திறமூல உரிமம் என்பது அந்த மூடிய கதவை, சில நிபந்தனைகளோடு, உலகத்தார் அனைவருக்கும் திறந்துவிடும் அனுமதி. நிபந்தனையை மீறினால் அனுமதி இல்லாமல் போகிறது. அனுமதி இல்லாமல் போனால் நீங்கள் திருட்டு நகல் விற்பவருக்குச் சமமான இடத்தில் சட்டத்தின் முன் நிற்கிறீர்கள். இந்த ஒரு தருக்கத்தைப் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் அனைத்தும் எளிதாக விளங்கும்.

இணையத்தில் மூலநிரல் திறந்து கிடக்கிறது, ஆனால் உரிமக் கோப்பு எதுவும் இல்லை என்றால், அது திறமூலம் அன்று. படிக்க முடிகிறது என்பதற்காக எடுத்துக்கொள்ளலாம் என்று பொருளாகாது. புதியவர்கள் மிக அதிகமாகத் தடுக்கி விழும் இடம் இதுவே.

உரிம நிபந்தனையை மீறுவது வெறும் ஒப்பந்த மீறலா, பதிப்புரிமை மீறலா என்ற கேள்வி ஒரு காலத்தில் உண்மையிலேயே திறந்திருந்தது. அமெரிக்காவில் அதைத் தீர்த்து வைத்தது பொம்மை ரயில் மென்பொருள் பற்றிய ஒரு வழக்கு. மாதிரி ரயில்களை இயக்கும் ஜேஎம்ஆர்ஐ என்ற திறமூலத் திட்டத்தின் கோப்புகளை ஒரு வணிக நிறுவனம், எழுதியவர்களின் பெயர்களையும் பதிப்புரிமைக் குறிப்புகளையும் நீக்கிவிட்டுத் தன் பொருளுக்குள் சேர்த்துக்கொண்டது. கீழ் நீதிமன்றம் இதை ஒப்பந்தப் பிரச்சினையாகவே பார்த்துத் தடையுத்தரவு வழங்க மறுத்தது. 2008 ஆகஸ்டில், ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற அவ்வழக்கின் மேல்முறையீட்டில், பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றங்களைக் குறிப்பிட வேண்டும் என்பவை உரிமத்தின் நிபந்தனைகளே, அவற்றை மீறுவது பதிப்புரிமை மீறலே என்று தீர்ப்பானது. பணம் கைமாறாததால் படைப்பாளிக்கு இழப்பில்லை என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயரும் புகழும் பயனர் கூட்டமும் பங்களிப்பும் படைப்பாளிக்குக் கிடைக்கும் உண்மையான பயன்களே என்று அது கண்டது. வழக்கு 2010இல் 1,00,000 டாலர் செலுத்தும் உடன்பாட்டில் முடிந்தது.

இந்த வேறுபாடு ஏட்டுச்சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்த மீறலுக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிரூபிக்கப்பட்ட பண இழப்பு; பதிப்புரிமை மீறலுக்குக் கிடைப்பதோ தடையுத்தரவு, பறிமுதல், ஈட்டிய லாபத்தைக் கக்கவைத்தல் ஆகிய கூர்மையான ஆயுதங்கள்.

இரண்டாம் படி: உங்கள் பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிடுங்கள்

மீறல்களில் பெரும்பகுதி கெட்ட எண்ணத்தால் நேர்வதில்லை. தன் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாததால் நேர்கிறது. நீங்கள் நேரடியாகச் சேர்த்த நிரலகங்கள் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) பத்து என்றால், அவை தமக்காக இழுத்துக்கொண்டு வந்தவை நூற்றுக்கணக்கில் இருக்கலாம். அவற்றோடு கேள்வி பதில் தளங்களிலிருந்து ஒட்டிய நிரல் துண்டுகள், எழுத்துருக்கள், படங்கள், சிப் தயாரிப்பாளர் கொடுத்த மென்பொருள் தொகுப்பு ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்தக் கடைசி வகைக்கு லிங்க்சிஸ் நிறுவனத்தின் கதையைவிடச் சிறந்த பாடம் இல்லை. டபிள்யூஆர்டி54ஜி என்ற அதன் புகழ்பெற்ற ரௌட்டருக்குள் லினக்ஸ் கருநிரல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருப்பதையும், அதன் மூலநிரல் கொடுக்கப்படாததையும் 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். சிப் ஒரு நிறுவனத்துடையது, சாதனத்தைச் செய்துகொடுத்தது இன்னொரு நிறுவனம், பெயரிட்டு விற்றது லிங்க்சிஸ். அந்த ஆண்டில்தான் சிஸ்கோ நிறுவனம் லிங்க்சிஸை விலைக்கு வாங்கியிருந்தது. சங்கிலியின் தொடக்கத்தில் நேர்ந்த மீறலுக்கு, சங்கிலியின் கடைசியில் வாங்கியவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மூலநிரல் வெளியிடப்பட்டது, அதிலிருந்தே ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் பிறந்து இன்றும் உலகெங்கும் ரௌட்டர்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் வேறு பல சாதனங்களில் குறைகள் தொடர்ந்ததால், 2008 டிசம்பரில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சிஸ்கோமீது வழக்குத் தொடுத்தது. 2009 மே மாதத்தில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, உரிம ஒழுங்கைக் கவனிக்கத் தனியாக ஓர் இயக்குநரை நியமிக்கவும் அறக்கட்டளைக்கு நன்கொடை அளிக்கவும் சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

எனவே வெளியிலிருந்து மென்பொருளோ மின்சுற்றுப் பலகையோ வாங்கும்போது, அதற்குரிய முழு மூலநிரலும் உரிமப் பட்டியலும் வந்து சேர்ந்த பின்னரே கடைசித் தவணையைக் கொடுப்பது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சரக்கு கைக்கு வந்த பிறகு கேட்டால் பதில் வராது. பட்டியலிடும் வேலையைக் கையால் செய்ய வேண்டியதில்லை. ஸ்கேன்கோடு, ஃபாசாலஜி போன்ற கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பட்டியலை எஸ்பிடிஎக்ஸ் வடிவத்தில் வைத்திருந்தால், அது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட வடிவம் என்பதால், பின்னாளில் உங்கள் வாடிக்கையாளர் கேட்கும்போதும் அப்படியே கொடுக்கலாம்.

மூன்றாம் படி: எந்தச் செயலால் எந்தக் கடமை பிறக்கிறது என்று பாருங்கள்

எம்ஐடி, பிஎஸ்டி போன்ற தாராளமான உரிமங்கள் கேட்பது மிகக் குறைவு. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் ஒவ்வொரு நகலோடும் வைத்திருக்க வேண்டும், அவ்வளவே. கைபேசிச் செயலியில் ‘திறமூல உரிமங்கள்’ என்று ஒரு பக்கம் வைத்தால் பெரும்பாலும் போதும். இவ்வளவு எளிதான கடமையையும் எண்ணற்றோர் செய்யாமல் விடுகிறார்கள். அப்பாச்சி 2.0 இவற்றோடு, மாற்றிய கோப்புகளில் மாற்றியதைக் குறிப்பிடவும், மூலத் திட்டம் நோட்டீஸ் கோப்பு வைத்திருந்தால் அதன் வாசகத்தைச் சேர்த்துக் கொடுக்கவும் சொல்கிறது. அந்த மென்பொருள் தன் காப்புரிமையை (கண்டுபிடிப்புக்கான பேடண்ட் உரிமையை) மீறுகிறது என்று ஒருவர் வழக்குத் தொடுத்தால், அதன்வழி அவருக்குக் கிடைத்த காப்புரிமை அனுமதியும் போய்விடும்.

ஜிபிஎல் வேறு வகை. அந்த மென்பொருளையோ அதிலிருந்து பிறந்த படைப்பையோ பிறருக்குக் கொடுக்கும்போது, அதே உரிமத்தின்கீழ், முழுமையான மூலநிரலோடு கொடுக்க வேண்டும். இங்கே ‘கொடுக்கும்போது’ என்பதே உயிரான சொல். உங்கள் அலுவலகத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால் கடமை எதுவும் பிறக்காது. ரௌட்டருக்குள்ளோ, செயலிக்குள்ளோ, வாடிக்கையாளர் கணினியில் நிறுவியோ கொடுத்தால் பிறக்கும். மேகக் கணினியில் ஓட்டி, சேவையை மட்டும் அளித்தால் ஜிபிஎல் பிடிக்காது. ஏஜிபிஎல் பிடிக்கும், ஏனென்றால் மாற்றியமைத்த மென்பொருளை வலையமைப்பு வழியாகப் பயன்படுத்துவோருக்கும் மூலநிரல் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அது எழுதப்பட்டது. 2021 அக்டோபரில் டிரம்ப்பின் ட்ரூத் சோஷியல் தளம், ஏஜிபிஎல் உரிமத்தில் உள்ள மாஸ்டடான் என்ற சமூக ஊடக மென்பொருளின் நிரலை அடிப்படையாகக் கொண்டிருப்பது வெளிப்பட்டபோது எழுந்த சிக்கல் இதுதான். 30 நாள் கெடு குறித்த எச்சரிக்கைக்குப் பின் மூலநிரல் அத்தளத்தில் வைக்கப்பட்டது.

மூலநிரல் என்பதன் பொருளை ஜிபிஎல் மிகக் கவனமாக வரையறுத்திருக்கிறது. மாற்றங்கள் செய்ய விரும்பும் ஒருவர் எந்த வடிவத்தை விரும்புவாரோ, அந்த வடிவமே மூலநிரல். அதை இயங்கும் மென்பொருளாகக் கட்டியெழுப்பத் தேவையான சிறுநிரல்களும் அதில் அடங்கும். மாறிகளின் பெயர்களைக் குலைத்துப் புரியாதபடி ஆக்கிய நிரலையோ, வேறு பதிப்பின் நிரலையோ, கட்டவே முடியாத பாதிக் கோப்புகளையோ கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது. கேட்டால் தருவோம் என்ற எழுத்து வாக்குறுதியைப் பொருளோடு சேர்த்துக் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், அது குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாக வேண்டும்.

நான்காம் படி: மீறலின் விளைவுகளை அவற்றின் உண்மையான அளவில் எடைபோடுங்கள்

முதல் விளைவு, எந்த நீதிமன்றமும் தலையிடாமலே நேர்கிறது. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 4ஆம் பிரிவின்படி, மீறிய கணத்தில் உங்கள் உரிமம் தானாகவே முடிந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியும் அனுமதியற்ற நகல். 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு இக்கடுமையைத் தணித்தது: மீறலை நிறுத்திய 60 நாள்களுக்குள் பதிப்புரிமையாளர் எதுவும் தெரிவிக்காவிட்டால் உரிமம் நிரந்தரமாகத் திரும்பிவிடும், அவரிடமிருந்து முதன்முறையாக அறிவிப்பு வந்திருந்தால், அது கிடைத்த 30 நாள்களுக்குள் சரிசெய்தாலும் திரும்பிவிடும். லினக்ஸ் கருநிரல் இன்னமும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. ஆனால் அதன் வளர்ப்பாளர்களில் பலர் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, இதே அவகாசத்தைத் தாங்களும் அளிப்பதாக உறுதி கூறினர்.

இரண்டாவதும், நடைமுறையில் மிகக் கடுமையானதும் தடையுத்தரவு. 2004இல் மியூனிக் நீதிமன்றம் சைட்காம் என்ற வலையமைப்புச் சாதன நிறுவனத்துக்கு எதிராக, ஜிபிஎல் நிபந்தனைகளைப் பின்பற்றாமல் ரௌட்டரை விநியோகிக்கக் கூடாது என்று தடை விதித்தது. ஜிபிஎல் நீதிமன்றத்தில் நிற்குமா என்று அதுவரை ஐயப்பட்டவர்களுக்கு அத்தீர்ப்பு முதல் உறுதியான பதில். பண்டிகைக் கால விற்பனைக்குச் சரக்கு கிடங்கில் அடுக்கியிருக்கும்போது இப்படியோர் உத்தரவு வந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள். இழப்பீட்டுத் தொகையைவிட இந்த நிறுத்தமே சிறு நிறுவனங்களைச் சாய்க்கும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது பணம். இலவச மென்பொருளுக்கு என்ன இழப்பீடு என்ற கேள்விக்கு பிரான்ஸில் நடந்த ஒரு நீண்ட வழக்கு விடை தந்தது. ஆந்த்ரூவேர் என்ற சிறு கூட்டுறவு நிறுவனம், அடையாளச் சரிபார்ப்புக்கான லாசோ என்ற நிரலகத்தை ஜிபிஎல் உரிமத்திலும், அதை ஏற்க விரும்பாதவர்களுக்குக் கட்டண உரிமத்திலும் கொடுத்துவந்தது. தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்சு, ஜிபிஎல் நிபந்தனைகளைப் பின்பற்றாமலும் கட்டண உரிமம் வாங்காமலும், பிரெஞ்சு அரசின் இணையவாசல் பணிக்கு அதைப் பயன்படுத்தியது. 2011இல் தொடங்கிய வழக்கில், முதல் நீதிமன்றங்கள் இது ஒப்பந்தப் பிரச்சினை மட்டுமே என்று சொல்லிப் பதிப்புரிமைக் கோரிக்கையைத் தள்ளின. 2022இல் பிரான்ஸின் உச்ச நிலை நீதிமன்றம் அந்தப் பார்வையைத் திருத்தியது. 2024 பிப்ரவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், பொருளாதார இழப்புக்கு மட்டுமே 5 லட்சம் யூரோவும், அதற்கு மேல் படைப்பாளியின் நற்பெயர்ப் பாதிப்புக்குத் தனித் தொகையும் வழங்கியது. ஒரே மென்பொருளுக்குக் கட்டண உரிமமும் இருந்தது என்பதே இழப்பை அளக்க அளவுகோல் ஆயிற்று. இப்படி இரட்டை உரிமத்தில் கிடைக்கும் மென்பொருளை எடுக்கும்போது இருமடங்கு கவனம் தேவை. பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் அந்த வகையைச் சேர்ந்ததுதான், அதைத் தன் அலுவலக மென்பொருளில் சேர்த்த தென்கொரியாவின் ஹன்காம் நிறுவனமும் கலிபோர்னியாவில் வழக்கைச் சந்தித்து, கடைசியில் உடன்பாட்டுக்கு வந்தது.

‘என் சொந்த நிரலையும் திறந்துவிடச் சொல்லி நீதிமன்றம் கட்டாயப்படுத்துமா?’ என்ற அச்சம் பரவலாக உள்ளது. பதிப்புரிமை வழக்குகளில் இயல்பாகக் கிடைக்கும் நிவாரணம் அதுவன்று. விற்பனையை நிறுத்து, இழப்பைக் கொடு என்பதே நீதிமன்றத்தின் வழக்கமான ஆணை. மீண்டும் விற்க வேண்டுமானால் மூலநிரலைத் திறப்பதா, அந்த நிரலகத்தை அகற்றிவிட்டு வேறொன்றை எழுதுவதா என்பது உங்கள் தேர்வு. ஆனால் இந்த எல்லையும் சோதிக்கப்படுகிறது. 2021இல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி என்ற அமைப்பு, விசியோ தொலைக்காட்சியை வாங்கிய நுகர்வோர் என்ற முறையில், ஜிபிஎல் ஓர் ஒப்பந்தம், அதன் பயனாளியாகிய தனக்கு மூலநிரலைக் கேட்கும் உரிமை உண்டு என்று கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. இந்த வாதம் நிலைபெறுமானால், கேள்வி கேட்கும் உரிமை நிரல் எழுதியவரிடமிருந்து பொருளை வாங்கும் ஒவ்வொருவருக்கும் விரிந்துவிடும்.

இந்தியச் சட்டத்தில் நிலை என்ன என்பதை இங்கே பணிபுரிவோர் தெரிந்திருக்க வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 51ஆம் பிரிவு உரிம நிபந்தனையை மீறிச் செய்யப்படும் செயலையும் மீறல் என்றே சொல்கிறது. 55ஆம் பிரிவின்கீழ் தடையுத்தரவு, இழப்பீடு, லாபக் கணக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். பதிப்புரிமை இருந்தது தனக்குத் தெரியாது, தெரிந்திருக்க நியாயமான காரணமும் இல்லை என்று நிரூபிப்பவர்மீது தடையுத்தரவையும், லாபம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ கொடுக்கும் பொறுப்பையும் மட்டுமே விதிக்க முடியும். உரிமக் கோப்பு நிரலோடு சேர்ந்தே வருவதால், திறமூல மீறலில் இந்த விலக்கைக் காட்டித் தப்புவது கடினம். வெளிநாட்டில் எழுதப்பட்ட நிரலுக்கும் பன்னாட்டு உடன்படிக்கைகளின் வழியாக இதே பாதுகாப்பு உண்டு. மேலும், படைப்பாளி தான் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்க 62ஆம் பிரிவு இடம் தருகிறது.

குற்றவியல் பக்கமும் இருக்கிறது. தெரிந்தே மீறுவோருக்கு 63ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படாத மீறலில் நீதிமன்றம் காரணம் கூறித் தண்டனையைக் குறைக்கலாம். இந்தக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடியது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதத்தில் நிட் ப்ரோ வழக்கில் தெளிவுபடுத்தியது. திறமூல விவகாரங்களுக்குச் சிவில் வழியே பொருத்தமானது என்று நான் கருதினாலும், நோட்டீஸைப் படித்த பின்னும் தொடர்ந்து விற்பவர் ‘தெரிந்தே’ என்ற சொல்லுக்குள் தாமாகவே நடந்து செல்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

ஐந்தாம் படி: நோட்டீஸ் வந்தால் அன்றைய தினமே செயல்படத் தொடங்குங்கள்

கடிதம் வந்த தேதியைக் குறித்துவையுங்கள். 30 நாள் கணக்கு அங்கிருந்தே ஓடுகிறது. பெற்றுக்கொண்டோம், ஆராய்ந்துகொண்டிருக்கிறோம், பொறுப்பாளர் இன்னார் என்று ஓரிரு நாளில் பண்பான பதில் அனுப்புங்கள். அந்தப் பதிலில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ அவசரப்பட வேண்டாம். அதே நேரத்தில் சர்ச்சைக்குரிய பதிப்பின் விநியோகத்தை, பதிவிறக்கச் சுட்டி உட்பட, நிறுத்திவையுங்கள். நிரல் களஞ்சியத்தின் மாற்ற வரலாற்றை அழிப்பது, பழைய ஃபர்ம்வேரை (சாதனத்துக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) தளத்திலிருந்து சுவடின்றி நீக்குவது போன்றவற்றைச் செய்யவே கூடாது. விற்ற பெட்டிகள் மக்கள் கையில் இருக்கின்றன. சான்று அங்கே இருக்கும்போது உங்கள் பக்கத்தில் அழிப்பது நேர்மையின்மையாக மட்டுமே தெரியும்.

அடுத்து, கேட்பவர் உண்மையிலேயே பதிப்புரிமையாளரா, அவருடைய எந்தக் கோப்புகள் உங்கள் பொருளில் உள்ளன என்பதைச் சரிபாருங்கள். கோரிக்கை சரியென்றால், விற்கப்பட்ட பதிப்புக்கு மிகச் சரியாகப் பொருந்தும் மூலநிரலைத் தயாரித்து, உங்கள் குழுவைச் சேராத ஒருவரிடம் புதிய கணினியில் கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரால் கட்ட முடியாவிட்டால் எதிர்த் தரப்பாலும் முடியாது. அடுத்த கடிதம் இன்னும் கடுமையாக வரும்.

கடிதம் எழுதுபவர் அனைவரும் ஒரே நோக்கத்தோடு எழுதுவதில்லை. பெரும்பாலான திட்டங்கள் கேட்பது உரிமத்தைப் பின்பற்றுவதை மட்டுமே. பணம் அவர்களுக்கு இரண்டாம் பட்சம். ஆனால் ஜெர்மனியில் லினக்ஸ் கருநிரலின் ஒரு பகுதியில் பங்களித்த ஒருவர், சிறு குறைகளைச் சுட்டி, மீண்டும் தவறினால் அபராதம் கட்டுகிறேன் என்ற உறுதிமொழியில் நிறுவனங்களிடம் கையெழுத்து வாங்கி, பின்னர் அடுத்த குறையைக் கண்டுபிடித்து அந்த அபராதத்தை வசூலிக்கும் முறையைக் கையாண்டார். அவருடைய சக வளர்ப்பாளர்களே 2016இல் அவரைத் தங்கள் முதன்மைக் குழுவிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். ஆகவே எதிர்காலத்தில் தவறினால் இவ்வளவு தொகை என்ற வாசகம் கடிதத்தோடு இணைத்த படிவத்தில் இருந்தால், வழக்கறிஞர் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

ஆறாம் படி: மீறப்பட்டது உங்கள் நிரல் என்றால்

தமிழில் எழுத்துணரி, சொற்பிழைத்திருத்தி, எழுத்துரு என்று கட்டற்ற உரிமத்தில் உழைத்துக் கொடுப்போர் பலர் இருக்கிறார்கள். நம் உழைப்பு பெயரில்லாமல் வேறொருவர் பொருளுக்குள் கிடப்பதைக் கண்டால் கோபம் வருவது இயல்பே. ஆயினும் சமூக ஊடகத்தில் எழுதும் முன் சான்றைத் திரட்டுங்கள். பொருளைப் பற்றுச்சீட்டோடு வாங்குங்கள், செயலியின் பதிப்பு எண்ணோடு ஒரு பிரதியைப் பாதுகாத்துவையுங்கள், உங்கள் நிரலில் மட்டுமே இருக்கும் சொற்றொடர்களும் பிழைகளும்கூட அதில் இருப்பதைக் காட்டுங்கள். மற்றவர் பிழையையும் சேர்த்துப் படியெடுத்தவரால் தானே எழுதினேன் என்று சொல்ல முடியாது.

எந்த வரிகள் உங்களுடையவை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. விஎம்வேர் நிறுவனத்துக்கு எதிராக லினக்ஸ் வளர்ப்பாளர் ஒருவர் 2015இல் ஹாம்பர்க்கில் தொடுத்த வழக்கு இந்த இடத்தில்தான் சறுக்கியது. அவருடைய பங்களிப்பு எது, அது எதிர்த் தரப்பின் மென்பொருளில் எங்கே எப்படி இருக்கிறது என்பதைப் போதுமான அளவு காட்டவில்லை என்று சொல்லி 2016இல் வழக்கு தள்ளுபடியானது. 2019இல் மேல்முறையீடும் தோற்றது. ஜிபிஎல் செல்லுமா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. ஆகவே பங்களிப்பு வரலாற்றைக் குலையாமல் பேணுங்கள். பலர் சேர்ந்து எழுதிய திட்டமானால் யாருக்கு எந்தப் பகுதியில் உரிமை என்பதை இப்போதே எழுதிவையுங்கள். வேலைநேரத்தில் நிறுவனத்துக்காக எழுதிய நிரலின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, இந்தியச் சட்டப்படி நிறுவனத்துக்கே சேரும். நாமாக எழுதிய ஒருவரி உரிமத்தை நம்பியிருக்கவும் வேண்டாம். காலம் குறிப்பிடாத உரிமத்தை 5 ஆண்டுக்கானதாகவும், நிலப்பரப்பு குறிப்பிடாததை இந்தியாவுக்கு மட்டுமானதாகவும் கொள்ளும் விதிகள் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ளன.

முதல் கடிதம் கண்ணியமாக இருக்கட்டும்: எந்த நிரல், எந்த உரிமம், எந்த நிபந்தனை மீறப்பட்டது, என்ன செய்தால் சரியாகும், எந்தத் தேதிக்குள். பதில் இல்லையென்றால் வழக்கறிஞர் நோட்டீஸ். அதற்கும் அசையாவிட்டால் நீதிமன்றம். இழப்பீட்டுக்கான வழக்குக்குக் காலவரம்பு 3 ஆண்டு என்பதால் பேச்சுவார்த்தையை முடிவின்றி இழுக்க விடாதீர்கள்.

உடன்பாடு எப்படி அமையலாம் என்பதற்குச் சதுரங்க உலகம் ஒரு நல்ல மாதிரியைத் தந்திருக்கிறது. ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க இயந்திரத்தை எழுதியவர்கள், தங்கள் நிரலை ஜிபிஎல் நிபந்தனைகளின்படி வெளிப்படுத்தாமல் ஃபேட் ஃபிரிட்ஸ் 2 என்ற பெயரில் விற்றதாகச் சொல்லி, செஸ்பேஸ் நிறுவனத்தின் உரிமத்தை முடித்துக்கொண்டு 2021இல் மியூனிக்கில் வழக்குத் தொடுத்தார்கள். 2022 நவம்பரில் எட்டிய உடன்பாட்டில் பெருந்தொகை எதுவும் பேசப்படவில்லை. ஓராண்டுக் காலம் ஸ்டாக்ஃபிஷ் அடங்கிய பொருள்களை விற்பதில்லை, கட்டற்ற மென்பொருள் உரிமங்களைக் கவனிக்க ஓர் அலுவலரை நியமிப்பது, பயன்படுத்தும் திறமூலக் கூறுகளைத் தளத்தில் வெளியிடுவது என்று செஸ்பேஸ் ஏற்றது. அக்காலம் முடிந்ததும் உரிமம் திரும்பக் கொடுக்கப்படும் என்று ஸ்டாக்ஃபிஷ் குழு ஏற்றது. நீங்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் உடன்படிக்கையில் இந்தக் கடைசி வாசகத்தைத் தேடுங்கள். பணம் கட்டியதாலோ மூலநிரலை வெளியிட்டதாலோ மட்டும், ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்கீழ் இழந்த உரிமம் திரும்பிவந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. எந்தத் தேதியிலிருந்து, எந்த நிரலுக்கு, யார் அதை மீண்டும் வழங்குகிறார் என்று எழுத்தில் இருந்தால் மட்டுமே, அடுத்த சரக்கை அனுப்பலாம்.